பதினைந்து கட்டில்களும் ஓர் அட்டைப்பெட்டியும்

“மொதல்ல காலைப் புடிக்கணும்ணா. மூக்கால கொத்தினா வெறும் கீறல். நகம் எறங்குச்சுன்னா சட்டுனு விடாது.”

சொல்லிக்கொண்டே அந்த இளைஞர் பழைய துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்தினார். திருமுக்கூடலில் பாலாற்றை ஒட்டிய வரப்பில் இறக்கை தொங்கக் கிடந்த கள்ளப்பருந்து, கண் மறைந்ததும் அடங்கியது. பிழைப்புக்கு டூவீலர் மெக்கானிக். அடிபட்ட பறவை என்று போன் வந்தால் ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இறக்கையை மெல்ல விரித்தார். முன்விளிம்புத் தோலை மாஞ்சா நூல் அறுத்திருந்தது. நைலான் மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை செய்தும், மரக்கிளைகளில் அது தொங்குவது நின்றபாடில்லை. அடுத்து நெஞ்செலும்பைத் தடவினார். இருபுறமும் சதை வற்றி, எலும்பு கத்திமுனை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. பல நாள் பட்டினி. இந்த நிலையில் கறித்துண்டு போட்டால் உடம்பு தாங்காது. முதலில் மருத்துவர் கையால் நீர்ச்சத்து ஏற வேண்டும்.

களை பறித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“வாயில ஊத்தாதே ஆயா. மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலயே தெறந்திருக்கும். நுரையீரலுக்குப் போயிடும்.”

“செம்பருந்துன்னா கன்னத்துல போட்டுக்குவோம். இது கோழிக்குஞ்சு தூக்கற கழுத. இதுக்குப் போயி இவ்ளோ பாடா?” என்றாலும், பெட்டியில் விரிக்கத் தன் தலைத்துணியை அவிழ்த்துத் தந்தது அவர்தான்.

கம்பிக் கூண்டில் அடைத்தால் இறகு ஒடியும். ஒடிந்த இறகு உதிர்ந்து புதிது முளைக்க மாதக்கணக்காகும். அதனால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது என்பதால் உடனே வனத்துறைக்குத் தகவல் சொன்னார்.

வண்டி வரும்வரை ஊர்ப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலசாலை (மருத்துவமனை) ஒன்றை அது பதிவு செய்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர் மட்டுமல்ல. மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமப்பவர் என ஒவ்வொருவருக்கும் படி எழுதியிருக்கிறார்கள். வைத்தியம் ஓர் ஆளின் வேலை இல்லை என்று கணக்கு எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

பறவை வைத்தியமும் அப்படித்தான். டெல்லி வஜீராபாத்தில் நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் சகோதரர்கள் ஆயிரக்கணக்கான பருந்துகளைக் காப்பாற்றியவர்கள். ஷௌனக் சென் இயக்கிய ‘ஆல் தட் பிரீத்ஸ்’ (2022) ஆவணப்படம் அவர்களை உலகறியச் செய்தது. அதில் தையல் போடும் நேரத்தைவிடக் கறி அரைப்பதும், கூண்டு கழுவுவதும், செலவுக்கு சோப் டிஸ்பென்சர் செய்து விற்பதுமே அதிகம். உதவியாளர் சாலிக் ரஹ்மான் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு நாள் ஓடாது.

தையலுக்குப் பிறகுதான் நீண்ட வேலை. தட்டையான கட்டையிலேயே உட்கார்ந்திருந்தால் பாதம் புண்ணாகும். அதற்குக் கயிறு சுற்ற வேண்டும். எலும்பும் தோலும் சேர்ந்த இரை கொடுக்க வேண்டும். நீளமான கூண்டில் பறக்கவிட்டுத் தசையைத் தேற்ற வேண்டும். இத்தனையும் மனிதனைக் கண்டு அதற்கு நட்பு வந்துவிடாமல் செய்ய வேண்டும். பழகிய பருந்து வெளியே போய்ப் பிழைக்காது.

பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, பெட்ரோல் செலவை யார் தருகிறார்கள் என்று கேட்டேன்.

“யாரும் இல்லண்ணா. அப்பப்ப நண்பர்கள் கொடுப்பாங்க.”

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் தண்ணீர் சுமந்தவருக்கும் நெல் அளந்தார்கள். பறவைகளுக்கு மருத்துவமனை கட்டுவது பற்றிப் பேசுகிறவர்கள், துண்டு பிடிக்கிறவரின் படியையும் அந்தத் திட்டத்திலேயே எழுத வேண்டும்.