ஆன்சிபிள்: எந்த சர்வர் எந்தக் குழுவில்?

கையில் இரண்டு சர்வர் இருக்கும்வரை இந்தத் தலைவலியே கிடையாது. இரண்டு விண்டோவைத் திறந்து ஒரே கமாண்டை இரண்டு தடவை அடித்தால் வேலை முடிந்தது. அதுவே 30 ஆகும்போதுதான் பப்பெட், ஷெஃப், ஆன்சிபிள் என்று ஆளாளுக்கு ஒரு கருவியைத் தேடி ஓடுகிறார்கள்.

இதில் ஆன்சிபிள் 2012-ல் மைக்கேல் டெஹான் வெளியிட்டது. 2015-ல் ரெட் ஹாட் வாங்கிக்கொண்டது. பெயர் அர்சுலா லெ குவின் எழுதிய நாவல்களிலிருந்து வந்தது; எவ்வளவு தூரமானாலும் நொடியில் செய்தி அனுப்பும் கருவிக்கு அதில் அந்தப் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தப்பான உத்தரவும் அதே வேகத்தில்தான் போகும்!

புதிதாகக் கற்பவர்கள் பிளேபுக் எழுதுவதிலேயே நேரத்தைக் கொட்டுகிறார்கள். இன்வென்டரி ஃபைலை "வெறும் பெயர்ப் பட்டியல்தானே" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வம்பு தொடங்குவது அங்கேதான்.

சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு குழுப் பெயர், அதன் கீழே சர்வர்களின் பெயர்கள், அவ்வளவுதான் இன்வென்டரி. (குழுப் பெயரில் ஹைஃபன் வேண்டாம், அண்டர்ஸ்கோர் போடுங்கள். 2.8 பதிப்பிலிருந்து எச்சரிக்கை காட்டித் தொல்லை செய்கிறது.) ஒரு சர்வர் பல குழுக்களில் இருக்கலாம். கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஊர்வாரியாக ஒரு லிஸ்ட், உறவுவாரியாக ஒரு லிஸ்ட் போட்டால் சித்தப்பா இரண்டிலும் வருவாரே, அதுபோல. போர்ட் எண், டேட்டாபேஸ் முகவரி போன்ற வேரியபிள்களைக் குரூப்_வார்ஸ் டைரக்டரியில் குழுவுக்கு ஒரு ஃபைலாகவும், தனி ஒரு சர்வருக்கு மட்டும் என்றால் ஹோஸ்ட்_வார்ஸ் டைரக்டரியிலும் வைக்கலாம்.

சரி, ஒரே வேரியபிள் இரண்டு இடத்தில் வெவ்வேறு மதிப்போடு இருந்தால்?

எல்லோருக்கும் பொதுவான 'ஆல்' குழுவின் மதிப்பைத் தாய்க்குழு மாற்றும். தாய்க்குழுவை அதன் உட்குழு மாற்றும். எல்லாவற்றையும் அந்த சர்வருக்கென்றே எழுதிய மதிப்பு மாற்றும். இதுவரை நியாயமாக இருக்கிறது. ஆனால் உறவே இல்லாத, ஒரே மட்டத்தில் இருக்கும் இரண்டு குழுக்கள் மோதினால் ஆன்சிபிள் பார்ப்பது ஆங்கில அகரவரிசையை! பெயர் வரிசையில் பின்னால் வரும் குழு ஜெயிக்கும்.

ஒரு நிர்வாகி 'ஆப்', 'வெப்' என்று வேலைவாரியாகவும், 'டெஸ்ட்' என்று சோதனை சர்வர்களுக்குத் தனியாகவும் குழு பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆப், வெப் ஃபைல்களில் நிஜ டேட்டாபேஸின் முகவரி. டெஸ்ட் ஃபைலில் சோதனை டேட்டாபேஸின் முகவரி. ஆப் சர்வரில் ஓட்டிப் பார்க்கிறார். ஆங்கிலத்தில் ஆப் முன்னால், டெஸ்ட் பின்னால். ஆகவே டெஸ்ட் ஜெயிக்கிறது, எல்லாம் சரி. மனுஷனுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அடுத்து சோதனைக்கான வெப் சர்வர். இங்கே டெஸ்ட் முன்னால், வெப் பின்னால். வெப் ஜெயிக்கிறது. சோதனை சர்வர் வாடிக்கையாளர்களின் நிஜ டேட்டாபேஸோடு போய் ஒட்டிக்கொள்கிறது. திரையில் ஒரு எர்ரர்கூட வராது. மறுநாள் யாராவது டேபிள்களைக் காலி செய்யும் சோதனை ஸ்கிரிப்டை ஓட்டினால்... பேக்கப் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

இதற்கு ஆன்சிபிள்_குரூப்_பிரையாரிட்டி என்று ஒரு வைத்தியம் உண்டு. இயல்பாக 1, பெரிய எண் வைத்த குழு ஜெயிக்கும். அதைக் குரூப்_வார்ஸில் எழுதினால் பலிக்காது, இன்வென்டரியிலேயே எழுத வேண்டும். ஆனாலும் இது ஒட்டுப்போடும் வேலைதான். ஆன்சிபிள் ஆவணத்தில் எது எதை மாற்றும் என்ற வரிசை 22 படிகள். அதை மனப்பாடம் செய்து வேலை பார்க்க யாராலும் ஆகாது.

இதைவிட நல்ல வழி, சோதனை–நிஜம் என்ற பிரிவைக் குழுவாகவே வைக்காமல் இரண்டு தனி இன்வென்டரி டைரக்டரிகள் போடுவது. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் குரூப்_வார்ஸ். அப்போது வெப் குழு இரண்டிலும் இருக்கும். டெஸ்ட் குழுவே இருக்காது, மோதலும் இருக்காது. "பொதுவானதை இரண்டு தடவை எழுதணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். அவை ரோலின் டீஃபால்ட்ஸில் இருக்கட்டும், இன்வென்டரி எளிதாக மாற்றிக்கொள்ளும். ரோலின் வார்ஸில் வைத்தால்தான் கதை தலைகீழ். அது இன்வென்டரியையே அடக்கிவிடும்.

கான்ஃபிக் ஃபைலில் இயல்பான இன்வென்டரியாகச் சோதனை டைரக்டரியைக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. நிஜ சர்வர்களைத் தொட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பாதையைக் கையால் அடித்தாக வேண்டும். ஓட்டுவதற்கு முன்னால் ஆன்சிபிள்-இன்வென்டரி கமாண்டில் ஹோஸ்ட் ஆப்ஷனோடு சர்வர் பெயரைக் கொடுத்தால், இன்வென்டரியிலிருந்து அதற்குக் கடைசியாகக் கிடைக்கும் மதிப்புகள் அத்தனையும் திரையில் வரும். டேட்டாபேஸ் முகவரியைப் பார்க்க அரை நிமிடம் போதும்.