பின்வளவில் ஒரு குருட்டுக் கோழி

சிட்னியின் மேற்கே ரூங்காபியில் எங்கள் பின்வளவு சிறியது. வீட்டிலிருந்து 4.5 மீற்றருக்குள் கோழி வைக்கக்கூடாது என்பது இந்த மாநிலச் சட்டம். அதனால் வேலிப்பக்கம் கூடு கட்டினோம்.

ஐந்து பேடுகளில் ஒன்றுக்குக் கண் தெரியாது. மற்றவை கொத்தியபடியால், கம்பிவலை அடித்து அதைப் பிரித்து, சாதுவான ஒரு பேட்டைத் துணைக்கு விட்டோம். தீனும் தண்ணீரும் எந்நாளும் ஒரே இடத்தில். கிண்ணத்தைத் தட்டினால் சத்தத்துக்கு வரும்.

ஒருநாள் கூட்டைக் கழுவிவிட்டுக் கிண்ணத்தை இடம் மாற்றி வைத்தோம். பின்னேரம் பார்த்தால் பழைய இடத்திலேயே பசியோடு நின்றது. வந்த புதிதில் இந்த ஊரில் நாங்களும் அப்படித்தான் நின்றோம். அதன்பின் கிண்ணத்தை அசைக்கவில்லை.

கோழி வெளிச்சத்தை மண்டையோட்டினூடாகவும் உணரும். ஆகவே அது முட்டையும் இடுகிறது. இப்பக்கம் வந்தால் பாருங்கள். கிட்டப் போகமுன் குரல் கொடுங்கள்.