காவலுக்கும் ஒரு காவல்

அட்டன் ரயில் நிலையத்தில் நாம் இறங்கியபோது மாலை நான்கு மணிதான். ஆயினும் அந்தி மயங்கிவிட்டாற்போலப் பனிமூட்டம் கவிந்திருந்தது. 1884ஆம் ஆண்டில் இருப்புப்பாதை இவ்வூரை எட்டிய நாள் தொட்டு, வருவோரை எல்லாம் முதலில் வரவேற்பது இப்பனிதான் போலும். டிக்கோயா, நோர்வுட் வழியே சென்று, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நண்பர் இல்லத்தை அடைவதற்குள் இருட்டிவிட்டது.

நள்ளிரவு கடந்து ஒரு மணி இருக்கும். கீழே லயத்துப் பக்கமிருந்து நாயொன்று குரைத்தது. வீதியிற் போவோரைக் கண்டு குரைக்கும் குரைப்பன்று அது. மூச்சு விடாமல், ஒரே திசை நோக்கி, அடித்தொண்டையிலிருந்து எழுந்த குரல். அடுத்த கணம் காம்பராக்களில் விளக்குகள் எரிந்தன. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிற்று.

"சிறுத்தை வந்திருக்கும். பெரியவருடைய நாய் சொல்லிவிட்டது" என்றார் காலையில் நண்பர்.

அந்தப் பெரியவரைக் காணச் சென்றோம். கவ்வாத்து வெட்டியே காய்த்துப்போன கைகள். வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் இரண்டு பசுக்களும் ஒரு கன்றுமே அவருக்குச் சீவனம். கொட்டில் வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்ததும் நமக்குச் சற்று ஏமாற்றமே உண்டாயிற்று. மண் நிறம், பாதி மடங்கிய காது, நடுத்தர உயரம். எந்தக் கண்காட்சியிலும் பரிசு பெறத்தக்க தோற்றமன்று.

"இதோட ஆத்தாவுக்கு ஆத்தாவையும் நாந்தாங்க வளத்தேன். இது அஞ்சாவது தலக்கட்டு" என்றார் பெரியவர்.

ஒரே தாய்வழியில் ஐந்து தலைமுறை! அவர் கையாளும் முறையைக் கேட்டு வியந்தோம். குட்டி தாய்ப்பால் மறந்தவுடன் அதைக் கன்றுக்குட்டியின் அருகே விட்டுவிடுவார். கன்றின் சூட்டில் அது உறங்கும். கறந்த பாலில் ஒரு கரண்டி அதற்கும் உண்டு. நாளடைவில், கன்று வேறு, தான் வேறு என்ற நினைவே அதற்கு இல்லாது போகும். குட்டி கேட்டு வருவோருக்கு உடனே கொடுத்துவிடவும் மாட்டார். அவர்கள் வீட்டுக்குப் போய், மாடு உண்டா, நாய்க்குச் சோறு வைக்கும் மனம் உண்டா என்று பார்த்த பின்னரே கொடுப்பார். விலை வாங்குவதில்லை.

"காசு வாங்கிட்டா யாவாரமாப் போயிருங்க. அப்புறம் போயி, நாயி எப்படி இருக்குன்னு கேக்க முடியாதே!"

திபெத்திலும் துருக்கியின் அனத்தோலியாவிலும் பிரனீசு மலைச்சாரல்களிலும் இடையர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது இதுவேயாகும். ஓநாயும் கரடியும் உலவும் மலைகளில், மந்தையைத் தன் சுற்றமாகவே எண்ணும் பெருநாய்களை அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தனர். இமாசலத்துக் கத்தி இடையர்கள் தம் நாயின் கழுத்தில் முள் பொருத்திய இரும்புப் பட்டை பூட்டுவது, பாய்ந்து வரும் விலங்கு குரல்வளையைக் கவ்வாதிருத்தற் பொருட்டே. இலங்கையிலோ ஓநாயும் இல்லை, செந்நாயும் இல்லை. அத்தகைய தனியினம் இங்கே உருவாகவும் இல்லை.

ஆனால் தமிழருக்கு இக்காவல் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கின்றது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், எழுந்தது. எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட வீரன் ஒருவனுக்காக நாட்டிய கல்லில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கின்றார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது.

இம்மலைநாட்டிலும் நாய்களின் பெயரை எழுதிவைத்த ஒருவர் இருந்தார். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், உயர்சாதிப் பசு, காளை, செம்மறிக் கடாக்கள் ஆகியவற்றோடு வேட்டைநாய்க் கூட்டமொன்றையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். பசு மலையேறும் வழியிலேயே மாண்டது. நாய்களைப் பல இனங்களோடு கலந்து பெருக்கி மரை வேட்டையாடினார். அவற்றின் வீரத்தை 1854இல் வெளிவந்த தம் நூலில் போற்றினார். நாய்களுக்குச் சிறுத்தை கொடும்பகை என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அப்பகை இன்றும் தீரவில்லை. காடு குறுகக் குறுகச் சிறுத்தைகள் தேயிலை மலைகளையே உறைவிடமாக்கிக் கொண்டன. லயத்து நாய் அவற்றுக்கு எளிய இரை. பெரியவரும் இதற்குத் தப்பவில்லை. இப்போதுள்ள நாயின் தாயைக் கொட்டிலுக்கு வெளியே சங்கிலியால் கட்டியிருந்தார். ஒரு மழையிரவில் சிறுத்தை அதைக் கொண்டுபோயிற்று.

லயத்து இளைஞர்கள் சுருக்குக் கம்பி வைக்கலாம் என்றார்கள். பெரியவர் இசையவில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணி லக்சபானத் தோட்டத்தில் கம்பியிற் சிக்கிய கருஞ்சிறுத்தையின் கதை மலையெங்கும் தெரிந்ததே. காண்பதற்கரிய அவ்விலங்கு, உடவளவையில் மருத்துவம் பார்த்தும் பிழைக்கவில்லை.

"புலிக்கும் வயிறு இருக்குங்களே. ஓட முடியாம கட்டிப்போட்டது என் தப்புங்க."

தம் தப்பைத் தாமே திருத்தவும் செய்தார். பலகையும் தகரமும் கொண்டு கொட்டிலை நாற்புறமும் அடைத்தார். இரவில் நாயும் கன்றோடு உள்ளேயே படுக்கும். மோப்பம் பிடித்துக் குரைப்பது அதன் வேலை. விளக்கேற்றித் தகரம் தட்டுவது மனிதர் வேலை. பெரிய இனத்து நாயாயினும் தனியே சிறுத்தையோடு பொருது வெல்லும் என்று எண்ணுவது பேதைமை என்கிறார். குடும்ப அட்டைகளோடு நாயின் விசர்நோய்த் தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக எடுத்துக் காட்டினார்.

ஆபிரிக்காவின் நமீபியாவில், சிறுத்தையின் உறவான சீட்டாவைக் காக்கும் நிறுவனமொன்று 1994 முதல் உழவர்களுக்கு அனத்தோலியக் காவல்நாய்களை வளர்த்துக் கொடுத்து வருகின்றது. ஆடு பிழைத்தால் உழவன் துப்பாக்கியைத் தேடமாட்டான், சீட்டாவும் பிழைக்கும். நல்ல காவல் பகைவனின் உயிரையும் காக்கின்றது. அங்கே அறிஞர் கண்ட இவ்வழியைத்தான் மஸ்கெலியா லயத்து முதியவர் தம் இழப்பினூடே கண்டுகொண்டார்.

விடைபெறும்போது கொட்டில் கதவருகே ஆணியில் துருப்பிடித்த சங்கிலியொன்று தொங்குவதைக் கண்டோம். எதற்கு என்று வினவினோம்.

"அதோட ஆத்தாளக் கட்டியிருந்ததுங்க. மறுபடி கட்டிப்போடத் தோணுச்சுன்னா இதப் பாப்பேன்" என்றார்.

உள்ளே கன்று குரல் கொடுத்தது. நாய் நம்மைத் திரும்பியும் பாராமல் எழுந்து அதனிடம் சென்றது.