பெட்டியை இறக்கினால்தான் தெரியும்

புதுப்பேட்டையைப் பற்றி எழுத வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. அதற்கு வழி செய்தது நண்பர் வாங்கிய பழைய கார். ஒன்பது வயதான சின்ன வண்டி, மேனுவல் கியர். ஓட்டிப் பார்த்து வாங்கியபோது ஒரு சத்தமும் இல்லை. கை மாறிய வண்டியாயிற்றே, எல்லா ஆயிலையும் மாற்றிவிடுவோம் என்று ஒரு சர்வீஸ் கடையில் விட்டார். மறுநாளிலிருந்து வண்டி முனக ஆரம்பித்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினால் ‘கர்ர்’ என்று கடித்தது. சர்வீஸ்காரன் கெடுத்துவிட்டான் என்று நண்பர் குதித்தார். அவருடைய அலுவலக டிரைவர்தான், “சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி புதுப்பேட்டை பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க சார்” என்று வழி சொன்னார்.

எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில், கூவத்தை ஒட்டிக் கிடக்கிறது புதுப்பேட்டை. கதவுகள் ஒரு கடை, பம்பர்கள் ஒரு கடை, சக்கரங்கள் ஒரு கடை என்று பிரித்துப்போட்ட வண்டிகளே தெருவாக நிற்கின்றன. பாயின் பட்டறை ஒரு சந்துக்குள், இரண்டு கார் நிற்கும் அகலம். “பேரெல்லாம் போடாதீங்க, பாய்னு எழுதுங்க போதும்” என்றார். எஞ்சின், ஏ.சி. எதையும் தொடமாட்டார். கியர் பாக்ஸ் மட்டும்தான். அங்கே அதற்குப் பெயர் ‘பெட்டி’.

வண்டியை அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முனகல் கேட்டது. கிளட்சை மிதிக்கச் சொன்னார். நின்றுவிட்டது. விட்டதும் மறுபடியும் முனகல். “மிதிச்சா சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங். மிதிச்சா சத்தம் நின்னா பெட்டிக்குள்ள இன்புட் ஷாஃப்ட் பேரிங்” என்றார். கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் அந்தத் தண்டுக்கும் தொடர்பு அறுந்து தண்டு சுற்றாமல் நிற்கும், பேரிங்கும் வாயை மூடிக்கொள்ளும். காரணம் அவ்வளவுதான்.

அடுத்தது கடிக்கிற கியர். எஞ்சின் ஓடும்போது எல்லா கியரும் விழ மறுத்து, எஞ்சினை அணைத்தால் சுலபமாக விழுந்தால், குற்றம் பெரும்பாலும் கிளட்ச் பக்கம்; பெட்டியைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால் அந்த கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. நண்பர் வண்டியில் இரண்டாவது மட்டும்தான் கடித்தது.

“முன்னாடி பெட்டியில இருந்த ஆயில் எப்படி இருந்துச்சுன்னு அந்தக் கடையில கேளுங்க” என்றார் பாய். நண்பர் போன் போட்டார். கிரீஸ் மாதிரி கெட்டியாக இருந்ததாம். பாய் சிரித்தார். லாரி டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் 140 கிரேடு ஆயிலைக் கார் பெட்டியில் ஊற்றினால், தேய்ந்த பேரிங்கின் சத்தம் கொஞ்ச நாளைக்கு அடங்கிவிடும். விற்பதற்கு அந்தக் கொஞ்ச நாள் போதும். சர்வீஸ்காரர் செய்த ஒரே குற்றம், சரியான ஆயிலை ஊற்றியது.

பெட்டியை இறக்கிய விதத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஆயிலை வடித்தார்கள், டிரைவ் ஷாஃப்ட்டுகளை உருவினார்கள், எஞ்சினுக்கு முட்டுக்கொடுத்தார்கள். நான் டீக்கடைக்குப் போய் வருவதற்குள் பெட்டி தரையில் கிடந்தது.

பிரித்த பிறகுதான் வேடிக்கை. சின்க்ரோ ரிங் என்பது பித்தளையில் செய்த, குழந்தை வளையல் அளவுள்ள ஒரு வளையம். வெளியே குட்டிக் குட்டிப் பற்கள். உள்பக்கம் மயிரிழை போலக் காடிகள். கியரை மாற்றும்போது இந்த வளையம் முதலில் கியரின் கூம்பில் அழுந்தி, காடிகளால் ஆயிலை வழித்துத் தள்ளிவிட்டுப் பிரேக் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வந்த பிறகுதான் பற்கள் கோர்க்க வழிவிடும். காடி மழுங்கினால் பிடி இல்லை. வேகம் ஒத்துப்போகாமல் பல்லோடு பல் மோதும். அதுதான் அந்தக் ‘கர்ர்’.

மண்ணெண்ணெயில் கழுவிய ரிங்கை பாய் கியரின் மேல் வைத்து விரலால் அழுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்தார். தகடு தகடாக விரியும் அந்தக் கருவியின் எண்கள் பாதி அழிந்திருந்தன. அவருக்கு எண் தேவைப்படவும் இல்லை. ரிங்குக்கும் கியரின் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு தகட்டை நுழைத்தார். புது ரிங்கில் இந்த இடைவெளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருக்கும். இந்த மாதிரி சின்ன வண்டிகளில் 0.5க்குக் கீழே இறங்கினால் மாற்றியே ஆக வேண்டும். அரை மில்லிமீட்டர் தகடு நுழையவில்லை. “நீங்களே போட்டுப் பாருங்க” என்று என்னிடம் கொடுத்தார். முட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது கியரின் ரிங்கில் அதே தகடு தாராளமாகப் போய் வந்தது.

சிறு வயதில் பாகங்களைக் கழுவிப்போடும் பையனாக இந்தத் தெருவுக்கு வந்தவர் பாய். கற்றுக்கொண்டது அம்பாசிடரிலும் பத்மினியிலும். பழைய அம்பாசிடரில் முதல் கியருக்கு சின்க்ரோவே கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும், இல்லையென்றால் இரண்டு முறை கிளட்ச் மிதிக்கத் தெரிய வேண்டும். “அப்போ டிரைவர் காதுதான் சார் சின்க்ரோ” என்றார். 1983 கடைசியில் வந்த மாருதி 800இல் பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள். அதைத் தொடப் பயந்து பலர் ஒதுங்கியபோது, உடைந்த பெட்டி ஒன்றை எடைக்கு வாங்கிப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே பழகியிருக்கிறார். மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. வருத்தம் இல்லை என்கிறார்.

புதுப்பேட்டைக்காரராக இருந்தும் பழைய பொருளில் அவருக்குக் கறாரான விதி உண்டு. “பல்லும் கூடும் பழசு போடலாம். ரிங், பேரிங், சீல் மூணும் புதுசுதான்.” பட்டறைப் பையன் அவற்றை வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு ஓடினான். பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் எஞ்சின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிட வேண்டும். பிறகு அதற்கென்று இறக்கினால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டும். இதையும் அவரேதான் சொன்னார். ஷாஃப்ட்டுகளைத் திரும்பப் பூட்டும்போது ஷிம் தகடு வைத்து ஏதோ கணக்குப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடிபடவில்லை.

கூலி 6,000 ரூபாய். அதில் உதவியாளர் பங்கும் உண்டு. வண்டியின் விலை 3,20,000. நடுவில் நின்ற புரோக்கர் வாங்கியவரிடம் இரண்டு சதவீதம், விற்றவரிடம் இரண்டு சதவீதம், ஆக 12,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் கையில் ஒரு சொட்டு ஆயில் படவில்லை. சொன்னதெல்லாம் “சிங்கிள் ஓனர் சார், கம்பெனி சர்வீஸ் சார்” என்ற இரண்டு பொய்கள். இப்போது போனை அவர் எடுப்பதில்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பழைய கார் விற்கும் நிறுவனங்களின் லாபத்துக்கு 18 சதவீத வரி என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. அரசுக்குப் பங்கு வந்துவிட்டது. பழைய வண்டி வணிகர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது வண்டி யார் பெயரில், யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பற்றியது. தெருமுனைப் புரோக்கரை அந்த விதி கண்டதுமில்லை, அவர் அந்த விதியைக் கண்டதுமில்லை. வண்டியின் உண்மை நிலையைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் பாய். வியாபாரத்தில் அவருக்கு மட்டும் இடமில்லை. எல்லாம் முடிந்து ஏமாந்த பிறகுதான் அவரிடம் வருகிறோம். வந்தும், “கூலியைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க பாய்” என்று பேரம் பேசுகிறோம். நண்பரும் பேசினார். புரோக்கரிடம் அவர் பேரம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

“வாங்கறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போனா ஐந்நூறு ரூபா கேப்பேன். அது அதிகம்னு யாரும் கூப்பிடறதில்ல” என்றார் பாய்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அந்த ஐந்நூறைக் கொடுத்துவிடுங்கள். முதல் நாளே சொல்லாமல் காலையில் போய் நில்லுங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். நியூட்ரலில் வைத்து கிளட்சை மிதித்து, விட்டு, காது கொடுத்துக் கேளுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பாருங்கள். முக்கியமாக, புரோக்கர் கூட்டிவரும் மெக்கானிக்கை நம்பாமல், உங்கள் காசில் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.