அப்புக்காத்துப் பிள்ளை

சட்டத்தரணித் தொழிலும் தெய்வ பக்தியும் ஒரு கூரையின் கீழ் வாழ மாட்டா என்ற எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. நான் சட்டக் கல்லூரிப் பிரவேசப் பரீட்சையிற் சித்தியெய்திய செய்தி எங்கள் குருநகர்க் கரையில் பரவிய பொழுது, மூதாட்டி ஒருவர் என் தாயாரிடம் மிகுந்த கவலையோடு, "பூசை தவறாமற் போற பிள்ளையை ஏன் பொய் சொல்லிற வேலைக்கு அனுப்பிறியள்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு என் தாயார் அன்று மறுமொழி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை என்னுடையது என்று எண்ணியே இதனை எழுதத் துணிகின்றேன்.

கொழும்பு புதுக்கடையில் மூன்றாண்டுக் கல்வி, அதன்பின் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ்ப் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் முன்னிலையில் சத்தியப் பிரமாணம் எனப் படிப்படியாக வந்து, இன்று யாழ்ப்பாணத்தில் தொழில் நடத்தும் இளையவர்களுள் நானும் ஒருத்தி. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரு பிரிவுகளையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கிவிட்டது. ஆயினும் எங்கள் ஒழுங்கையிலுள்ள முதியவர்களுக்கு நான் இன்றும் "அப்புக்காத்துப் பிள்ளை" தான்.

கறுப்பு அங்கியின் கம்பீரத்தை மட்டும் கண்டவர்களுக்கு இத்தொழிலின் அன்றாடம் தெரியாது. காலைப் பூசை முடிந்து வீடு திரும்பி, ஒரு கோப்பைத் தேநீருடன் அன்றைய வழக்கேடுகளைப் புரட்டுவேன். ஒன்பது மணிக்கு முன்னரே நீதிமன்ற வாசலில் மக்கள் கூடிவிடுவர். தாபரிப்புப் பணம் கேட்டுக் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்கள், பிணையெடுக்க வந்த தகப்பன்மார், வேலி வழக்கில் இரண்டு தலைமுறையைச் செலவழித்துவிட்ட உறவினர் எனப் பலரும் அங்கே இருப்பர். இளையவருக்குக் கிடைக்கும் வேலையின் பெரும்பகுதி காத்திருத்தல்தான். பதிவாளர் அலுவலகத்திலும் காணிப் பதிவகத்திலும் வரிசையில் நிற்க வேண்டும்; தவணை பெற்றுக்கொண்டு, அந்தத் தவணை ஏன் என்பதைக் கட்சிக்காரருக்கு விளக்க வேண்டும். நாலு தவணைக்கு ஒரு முறை கிடைக்கும் வேதனத்தில் பேருந்துக் காசு போக மிஞ்சுவது சொற்பமே. மாலையில் அம்மா மீன் குழம்போடு காத்திருப்பார். இரவுச் செபமாலையிற் பாதியை நான் தூக்கத்திலேயே சொல்வதாகத் தம்பி பகிடி பண்ணுவான்.

"கள்ளனுக்காகப் பேசுவது வேதக்காரருக்கு அடுக்குமா?" என்று என்னிடம் கேட்போர் பலர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 13ஆம் உறுப்புரையில், குற்றஞ்சாட்டப்பட்ட ஒவ்வொருவரும் நேர்மையான விளக்கத்திலே தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ தம் பக்கத்தைச் சொல்ல உரித்துடையவர் என்றும், குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் சுற்றவாளியே என்றும் கூறுகிறது. சட்டம் இவ்வளவைச் சொல்கிறது. இரண்டு கள்வருக்கு நடுவே சிலுவையில் தொங்கிய ஒருவரை ஆண்டவர் என்று வணங்கும் எனக்கு, கூண்டில் நிற்பவனை முகங்கொடுத்துப் பார்க்க வேறு நியாயமும் உண்டு. அவன் செய்ததைச் செய்யவில்லை என்று நான் சாதிக்க வேண்டியதில்லை. சாட்சியம் போதுமா, தண்டனை அளவானதா என்று அவனுக்காகக் கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவே.

ஆனால் எல்லா வழக்கையும் ஏற்க முடிவதில்லை. இடப்பெயர்வுக் காலத்தில் அயலவர் விட்டுச்சென்ற காணியை வேலியடைத்து ஆண்ட ஒருவர், பத்து வருடம் கடந்துவிட்டதாகச் சொல்லி அதனைத் தமதாக்கித் தருமாறு வந்தார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு தடையற்ற எதிரிடை ஆட்சிக்கு உரிமை அளிப்பது உண்மையே. போரினால் தம் உரிமையைக் கேட்க இயலாதிருந்தோரின் இழப்பைக் கருதி, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற வேண்டி வந்ததும் உண்மையே. உரியவர் ஷெல்லுக்குப் பயந்து ஓடியவர் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வணக்கமாக மறுத்துவிட்டேன். அவர் வேறொருவரிடம் போயிருக்கக் கூடும். அன்று என் பை வெறுமையாகவே வீடு வந்தது.

இவற்றையெல்லாம் விட என் தொழிலின் பொருளை எனக்குக் கற்பித்தது ஓர் அம்மையாரின் வழக்கு. அவர் சைவர், நல்லூர்க் கந்தனை நம்பி வாழ்பவர். 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் கணவனைத் தவறவிட்டவர். அதன்பின் அவரைக் கண்டவரும் இல்லை, அவரைப் பற்றிக் கேட்டவரும் இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்க்கப் பெற்ற நுண்கடன், வட்டிக்கு மேல் வட்டியாக வளர்ந்து அவரை நெருக்கியது. அவர் பெயரில் ஆறு பரப்புச் சீதனக் காணி இருந்தது. அதில் இரண்டு பரப்பை விற்றாற் கடன் தீரும்.

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. நம் வடபுலத் தமிழரை ஆளும் தேசவழமையை, ஒல்லாந்தர் காலத்திலே 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை எழுத்தில் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைச் சரிபார்த்தனர். பின்னர் வந்த 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியாயினும் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்க இயலாது. கணவனோ இல்லை, எங்கே என்று சொல்வாரும் இல்லை.

"மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லாம் சுலபம்" என்று பலரும் அவருக்குப் புத்தி கூறியிருந்தனர். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோரின் மரணத்தைப் பதிய வழி செய்திருந்தது. படிவத்தைக் கூட யாரோ நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். அதனை நாலாக மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "பிள்ளை, அவர் செத்திட்டார் எண்டு என்ர கையாலை நான் எழுதிக் குடுக்க மாட்டன். அவர் உயிரோடை இருக்கிறார் எண்டும் நான் சொல்லேல்லை. தெரியாததைத் தெரியும் எண்டு கடவுளுக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லிறது?"

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தவர் புனித தோமஸ் மூர். இங்கிலாந்தின் பிரதம நீதிபீடத்தை அலங்கரித்த அந்தச் சட்ட வல்லுநர், தாம் நம்பாத ஒன்றைச் சத்தியம் செய்து சொல்ல மறுத்தமையால் 1535ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி தலை வெட்டுண்டு மாண்டார். சரியாக நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1935இல், திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. சட்டத்தரணிகள் அவரைத் தம் பாதுகாவலராகப் போற்றுகின்றனர். அவர் படத்தை என் மேசையில் வைத்திருந்தேன். அவருடைய மனச்சாட்சியோ அன்று மேசைக்கு மறுபுறத்தில், பருத்திச் சேலையும் திருநீறும் அணிந்து அமர்ந்திருந்தது.

கையெழுத்து வையுங்கள் என்று வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் வழங்க 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இடம் தந்தது. அதற்கு விண்ணப்பிக்க அவர் இசைந்தார். ஆனால் காணி விற்க அது மட்டும் போதுமா? மூத்தவரின் நூலகத்திலிருந்து 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து, பரீட்சைக்குப் படித்த வேகத்தில் அன்றி, வரி வரியாக வாசித்தேன். அதன் 8ஆம் பிரிவிலே வழி இருந்தது. கணவன் மனைவியைக் கைவிட்டுச் சென்றிருந்தாலோ, சிறையில் இரண்டாண்டுக்கு மேல் இருந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்திருந்தாலோ, அவன் இருப்பிடம் அறியப்படாதிருந்தாலோ, அவன் சம்மதத்தை வேண்டாது விட மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடலாம். மரணத்தை யாரும் பிரகடனம் செய்ய வேண்டியதில்லை. நூறு வருடங்களுக்கு முன் எவரோ எழுதிய அந்தச் சிறு வாசகம் இந்த அம்மையாருக்காகவே காத்துக் கிடந்தது போலிருந்தது.

மனுவும் சத்தியக்கடதாசியும் தயாரித்தோம். கிறிஸ்தவர் சத்தியம் செய்வர், சைவர் உறுதியுரைப்பர். உறுதியுரைக்குமுன், எழுதியதை இரண்டு தடவை வாசித்துக் காட்டும்படி கேட்டார். கிராம அலுவலரின் கடிதம், பழைய முறைப்பாட்டுப் பிரதிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் இணைக்கப்பட்டன. தவணைகள் பல சென்றன. கடன்காரரும் தவணை தவறாமல் வந்தனர். ஒரு கட்டத்தில், "அந்தப் படிவத்தையே குடுத்திருக்கலாமோ, பிள்ளை?" என்று சோர்ந்து கேட்டார். "உங்களுக்கு மனம் ஒப்பினாற் சொல்லுங்கோ, இன்றைக்கே கொடுப்போம்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்து, "இல்லை, பொறுப்பம்" என்றார். அந்த நாட்களில் என் செபத்தில் வேறு விண்ணப்பம் இருக்கவில்லை. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நீதிபதியிடம் ஓயாது போய் நியாயம் கேட்ட விதவையின் கதையை ஆண்டவர் சொன்னாரே, அதனைப் பலமுறை எண்ணிக்கொண்டேன். எங்கள் நீதிபதி மனிதரை மதிப்பவராயிருந்தது எங்கள் பாக்கியம்.

கட்டளை கிடைத்த அன்று, அதில் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றுதான் அம்மையார் முதலிற் கேட்டார். "இருப்பிடம் அறியப்படாதவர் என்று இருக்கிறது அம்மா" என்றேன். அச்சொற்களைத் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அது சரி. அது உண்மைதானே" என்றார். இரண்டு பரப்பு விற்கப்பட்டது, கடன் தீர்ந்தது. கணவரைத் தேடும் அவரது அலைச்சல் மட்டும் தீரவில்லை. அதனைத் தீர்க்கும் கட்டளை எந்த மன்றத்திலிருந்தும் இதுவரை வரவில்லை. அந்த வேதனைக்கு முன்னால் என் சிறிய வெற்றியைப் பெரிதாகப் பேச எனக்கு வாய் எழுவதில்லை.

அப்புக்காத்து என்ற சொல்லைப் பற்றி ஒரு செய்தி கூறி முடிக்கின்றேன். ஐரோப்பியர் நம் கரைக்குக் கொணர்ந்த அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. துணைக்கு அழைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். யோவான் எழுதிய நற்செய்தியிலே, பரிசுத்த ஆவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்று வருகிறது. புரட்டஸ்தாந்து சகோதரர் அதனைத் தேற்றரவாளன் என்பர். கத்தோலிக்கராகிய நாங்கள் துணையாளர் என்போம். அதன் பொருளும் அருகில் நிற்க அழைக்கப்பட்டவர் என்பதே; நீதிமன்றத்தில் ஒருவருக்காகப் பரிந்து நிற்பவரையும் கிரேக்கர் அச்சொல்லாலேயே குறித்தனர். கடற்றொழிலாளியான என் தகப்பனாரிடம் இதனைச் சொன்னேன். "கடலிலை ஒருத்தன்ரை வள்ளம் கவிண்டால் நாங்கள் வலையை விட்டிட்டுப் போய்ப் பக்கத்திலை நிப்பம். அதுக்கு இவ்வளவு படிக்க வேணுமோ?" என்று சிரித்தார்.

சட்டம் படிக்க விரும்பும் மாணவ மாணவியருக்கு நான் கூறக்கூடியது இதுதான். எந்தச் சமயத்தவராயினும் வாருங்கள். வாதத் திறமை பழகப் பழக வரும். சட்டப் புத்தகத்தை மட்டும் பொறுமையோடு, கடைசிப் பிரிவு வரை வாசியுங்கள். பொய் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி வேண்டி உங்கள் வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். அந்த வழி அதற்குள் இருக்கக் கூடும். எங்கள் ஒழுங்கை மூதாட்டி இன்றும் இருக்கிறார். சென்ற மாதம் தம் பேத்தியைச் சட்டக் கல்லூரிப் பரீட்சைக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.