நூலும் காந்தமும்

வெண்ணந்தூரில் என் சித்தப்பாவுக்கு எட்டு விசைத்தறிகள் உண்டு. 2025 ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது, மின்சார ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு ஒரு மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்தார். கடைக்காரர் சொன்ன காரணம் அவருக்கு விளங்கவில்லை.

"காந்தம் வரலையாம் கண்ணு. சீனாக்காரன் குடுக்க மாட்டேங்கறானாம். ஆணி பொறுக்குவீங்களே சின்னதுல, அந்தக் காந்தம்தானே?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மோட்டாருக்குள் இருப்பது நியோடிமியக் காந்தம். சூட்டில் அது வலுவிழக்காதிருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்று சிட்டிகை அளவு சேர்ப்பார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று சீனா இவையிரண்டும் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களையும், அவை சேர்ந்த காந்தங்களையும் உரிமமின்றி ஏற்றுமதி செய்யக்கூடாது என்று ஆணையிட்டது. முற்றான தடையன்று. யார் வாங்குகிறார், எதற்காக என்றெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "2010ல நாம பண்ணுனதுதானே இது?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த ஆண்டு நூல் விலை தாறுமாறாக ஏறியது. ஏப்ரலில் பஞ்சு ஏற்றுமதியை அரசு நிறுத்தியது; டிசம்பரில் நூல் ஏற்றுமதிக்கு 72 கோடி கிலோ என்று வரம்பு கட்டியது. நூற்பாலைக்காரர்கள் கொதித்தார்கள். நூலை வெளியே விடாதே என்று தறியை நிறுத்திக் கோஷமிட்டவர்களில் சித்தப்பாவும் ஒருவர். நமக்கு நியாயமாகப் பட்டது அவனுக்கு மட்டும் எப்படி அநியாயமாகும் என்று அவர் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. நாம் தராத பஞ்சை வேறொருவன் விற்பான். இந்தக் காந்தத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு ஒரே நாட்டில் உருவாகிறது என்று பிற்பாடு தோன்றியது.

பரணில் பழைய பெட்ரோமாக்ஸ் ஒன்று கிடக்கிறது. (எங்கள் வீட்டுத் திருமணங்கள் பலவற்றுக்கு அதுதான் வெளிச்சம்.) அத்தகைய விளக்குகளின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியத்தைத் தேடித்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட்டைக் கண்டுகொண்டார். மணல் கப்பலேறியது; மேண்டில் அங்கே உருவானது. நியோடிமியம் இருப்பதும் அதே மணலில்தான். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில், அணுசக்தியை எண்ணி, நம் அரசு அந்த மணலுக்குக் கதவடைத்தது. 1952இல் ஆலுவாயில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலையும் வந்தது. ஆனால் காந்தம் செய்யும் தொழிலை நாம் பெரிதாக வளர்க்கவில்லை. 2025 நவம்பரில்தான் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: நம் மோனசைட்டில் டிஸ்ப்ரோசியம் மிகச் சொற்பம்.

சித்தப்பாவின் வண்டி ஐப்பசியில் வந்து சேர்ந்தது. கார்த்திகையில் நான் போனபோது இந்தப் புதிய திட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ மணலு நெறைய வேணுமே. அந்தூர்க்காரங்க ஒத்துக்குவாங்களா?"

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் கடலோர மக்கள் போராடியதைச் சொன்னேன். புற்றுநோய் குறித்த அவர்கள் அச்சத்தையும் சொன்னேன். சித்தப்பா வண்டியின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.