பெட்டிக்குள் விழும் முடிச்சு

அம்மாவின் பித்தப்பையை நான்கு சிறு துளைகள் வழியாக எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி: "கைய உள்ள விடாம எப்படிப்பா அறுத்தாங்க?" அறுவை மருத்துவரான நண்பரிடம் கேட்டேன். கோவையில் அவர் கற்பிக்கும் பயிற்சிக்கூடத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனார்.

மேசைக்கு ஒரு மூடிய பெட்டி. மூடியில் இரண்டு துளைகள். அவற்றில் முழங்கை நீளத்துக்கு மெலிந்த கருவிகள். உள்ளே நடப்பது எதிரே உள்ள திரையில் தெரியும். முதல் பயிற்சி, ஆறு ரப்பர் வளையங்களை முளையிலிருந்து எடுத்து, அந்தரத்தில் மறு கருவிக்கு மாற்றி, வேறு முளையில் மாட்டுவது. நானும் பிடித்துப் பார்த்தேன். துளையில் அச்சாணி அடித்ததுபோல் கருவி நிற்பதால், கை இடப்பக்கம் போனால் நுனி வலப்பக்கம் போகிறது. திரையில் ஆழம் தெரிவதில்லை. நிஜ வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி இடம் உண்டாக்கி, இதே தலைகீழ்க் கையோடு ஈரலுக்கு அடியில் வேலை செய்கிறார்கள்.

1980-ல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகளிர் நோய் மருத்துவர் குடல்வாலை இப்படி எடுத்தபோது சக மருத்துவர்களே கொதித்தார்கள். பயிற்சிப் பெட்டிக்கு முன்னோடிகளில் ஒருவரும் அவரே. 1985-ல் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தார்; 1990-ல் மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா. நோயாளிகள் இதையே கேட்க, மருத்துவர்கள் ஓடிப் பிடித்தார்கள். பயிற்சி பின்தங்கியது. பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தநாளத்தையே வெட்டிய விபத்துகள் அந்த ஆரம்ப ஆண்டுகளில் பெருகின.

இந்தக் கூடத்தில் பெட்டிகளைத் தயார் செய்பவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். பஞ்சாலையில் வைண்டிங் பிரிவில் இருந்தவர். அறுந்த நூலை முடிந்து முடிந்தே பதினேழு வருடம் போனது. "முடிச்சு பெருசா விழுந்தா தறியில போய் அறுந்துருமுங்க. ஏச்சு எங்களுக்குத்தான்." தானாக நூல் இணைக்கும் எந்திரம் வந்தது, பிறகு ஆலையும் மூடியது. இங்கே கூட்டித் துடைக்க வந்தவர், மருத்துவர்கள் போனபின் கருவிகளைக் கழுவும் நேரத்தில் தானே முடிச்சுப் பழகிக்கொண்டார்.

எனக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சாண் நீளம்கூட இல்லாத நூல். இடக்கருவி ஊசியருகே நூலைப் பிடித்து வளைக்க, வலக்கருவியின் நுனி அந்த வளைவில் இரண்டு சுற்றுச் சுற்றி, எட்டி, குட்டை முனையைக் கவ்வி இழுத்தது. அடுத்த சுற்று எதிர்த் திசையில். ஒரே திசையில் சுற்றினால் முடிச்சு நழுவும். உடம்புக்குள் அப்படி நழுவினால் ரத்தம் கசியும், குடலில் உள்ளது வயிற்றில் கொட்டும்.

அவர் முன்னிருந்த பெட்டி, அரிசி போட்டுவைக்கும் பிளாஸ்டிக் டப்பா. கணினிக் கேமரா ஒன்று, சின்ன விளக்குப் பட்டை ஒன்று. நூல், ஆபரேஷன் தியேட்டரில் காலாவதியாகிக் கழித்தது. தோலுரித்துப் பழகத் திராட்சையும் கோழிக்காலும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்த காரியம். இதையே பளபளப்பாக்கிக் கொண்டுவரும் இடைத்தரகர்கள் சொல்லும் விலையில் சிறிய மருத்துவமனைகள் மலைத்து நின்றுவிடுகின்றன. அவர்கள் அடிக்கும் கமிஷனை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அமெரிக்காவில் பொது அறுவை மருத்துவராகச் சான்று பெற, இப்படிப்பட்ட பெட்டியில் செய்துகாட்டும் தேர்வைக் கட்டாயமாக்கினார்கள். பெட்டியே இல்லாத ஊரில் ஒரு மருத்துவரின் முதல் நூறு முடிச்சுகள் யார் வயிற்றில் விழும்? வசதியுள்ளவர் வயிற்றில் விழாது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் ஒரு மேசை, ஒரு டப்பா, அதன்முன் உட்கார ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்றார் நண்பர்.

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகும் ஓர் இளம் மருத்துவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். டப்பாவுக்குள் இருந்த ரப்பர்க் குழாயின் கீறலில் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அக்கா டப்பாவைத் திறந்து, கீறலின் இரு விளிம்பையும் விரலால் அகட்டினார்.

"வழுக்குதுங்க கண்ணு."

இளம் மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் புது நூலை எடுத்தார்.